கண்ணும் எண்ணும்

எண்ணறிவையும் எழுத்தறிவையும் மனிதனின் இரு விழிகளாகக் கண்டவர் வள்ளுவர். உலகைத் தெளிந்து பார்ப்பதற்கு எண் ஒரு விழி என்பது அவர் கருத்து. இன்றைய வாணிப உலகிலோ இதற்கு நேர்மாறான ஒரு தொழில் நடைபெறுகின்றது. அங்கே எண் கண்ணாவதில்லை, கண் எண்ணாகின்றது. வீதியிற் செல்லும் மனிதரின் பார்வையை எண்ணி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை குறித்து, விளம்பரப் பலகைகளில் இடம் விற்கும் தொழிலையே நாம் குறிப்பிடுகின்றோம். இந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது? அதில் யார் சேர்கின்றனர், யார் விடுபடுகின்றனர்? அறத்தின் தராசில் அதன் நிறை யாது? இவற்றை மலைநாட்டில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவை அடையும் ஏ7 வீதியிற் பயணம் செய்தோர் யாவரும் இப்பலகைகளைக் கண்டிருப்பர். சவர்க்காரம், பால்மா, கைத்தொலைபேசி, காப்புறுதி, கடன் என்று அவை பேசாத பொருளில்லை. திருப்பங்கள் நிறைந்த பாதையில் வண்டிகள் மெல்லச் செல்ல வேண்டியிருப்பதால், சமவெளிப் பலகையைவிட மலைப்பலகை கண்ணில் நீண்ட நேரம் நிற்கும். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர் அட்டன் வழியாகச் செல்கின்றனர். ஏப்பிரலில் வசந்தகாலக் கூட்டம் நுவரெலியாவை நிறைக்கின்றது. கொழுந்துக்குப் பருவம் இருப்பது போலவே பார்வைக்கும் இங்கே பருவம் உண்டு.

பார்வையை அளக்கும் முறை அறிவதற்கு அரிதன்று. முதலில், பலகையைக் கடக்கும் வண்டிகளும் பாதசாரிகளும் எண்ணப்படுவர். வண்டியொன்றிற் சராசரி எத்தனை பேர் என்று பெருக்கப்படும். கடப்பவர் அனைவரும் பார்ப்பவர் அல்லர்; ஆதலால் பலகையின் பருமன், வீதியிலிருந்து அதன் தூரம், அது திரும்பியிருக்கும் கோணம், வண்டியின் வேகம், இரவு வெளிச்சம் ஆகியவற்றைக் கருதி ஒரு பகுதி கழிக்கப்படும். எஞ்சுவதே பார்வைத் தொகை. முன்னாளில் வீதியோரம் உட்கார்ந்து கோடு கிழித்து எண்ணியவர்களின் வேலையை இந்நாளிற் கமராக்களும், நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிகள் விட்டுச் செல்லும் இடத்தடங்களும் செய்கின்றன.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஒரு பலகைக்கு வாடகையும் அச்சும் சேர்த்து மாதம் 90,000 ரூபாய் செலவு என்க. நாளொன்றுக்கு 3,000 வண்டிகள், வண்டிக்கு 4 பேர் வீதம் 12,000 பேர். 30 நாளில் 360,000 கடப்புகள். அவற்றிற் பாதியே பார்வை என்று கொண்டால் 180,000. செலவை இதனால் வகுத்தால் ஒரு பார்வைக்கு 50 சதம். ஆயிரம் பார்வைக்கு 500 ரூபாய். இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. 180,000 பார்வை என்பது 180,000 மனிதர் அல்ல. 30,000 பேர் ஆறு முறை பார்த்தாலும் தொகை அதுவே. எத்தனை வேறு வேறு மனிதரை எட்டியது என்பதை ஒரு கணக்காகவும், ஒருவரை எத்தனை முறை எட்டியது என்பதை மற்றொரு கணக்காகவும் தொழில் அறிந்தோர் பிரிப்பர். மாதத்தில் இருபது நாள் அவ்வழியே பாடசாலைக்கு நடந்து போய்வரும் சிறுமி, அந்தக் கணக்கில் ஒரு மனுஷி, நாற்பது பார்வை.

இவ்வாறு அளப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. அளவு இல்லாத இடத்திற் பொய் ஆளும். பலகை உரிமையாளன் பத்தாயிரத்தை லட்சம் என்று சொன்னால், அதை நம்பிப் பணம் கொடுக்கும் சிறு வியாபாரி ஏமாறுவான். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டிலேயே பலகைகளைக் கடக்கும் போக்குவரத்தைத் தணிக்கை செய்வதற்கென ஒரு பொதுச் சபை அமைக்கப்பட்டது, விளம்பரம் கொடுப்பவரும் இடம் விற்பவரும் ஒரே எண்ணை நம்ப வேண்டும் என்னும் தேவையாலேயே. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் இடையே அந்த எண் நியாயமானதாக இருக்கலாம். ஆனால், விற்கப்படுவது யாருடைய பார்வை? அந்தப் பார்வைக்குரியவன் பேரத்தில் எங்கே நிற்கின்றான்?

“பார்க்கும்படி யாரும் வற்புறுத்தவில்லையே” என்பர் சிலர். பத்திரிகையை மூடலாம்; வானொலியை நிறுத்தலாம்; வீதியை எவ்வாறு மூடுவது? குன்றும் அருவியும் வானமும் எவருக்கும் சொந்தமல்ல என்பதனாலேயே எல்லோர்க்கும் சொந்தமாயிருந்தன. அவற்றின் முன்னே பலகையை நிறுத்தியவன், ஊர்ப் பொதுநிலத்துக்கு வேலி போட்டவனைப் போன்றவன். இதனை உணர்ந்த மக்களும் உலகில் உளர். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலம் 1968இற் சட்டமியற்றி வீதியோர விளம்பரப் பலகைகளை விலக்கியது. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ, ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகர். 2006இல் இயற்றிய தூய நகரச் சட்டத்தின்படி 2007 ஜனவரி முதல் அங்கே பலகைகள் இறக்கப்பட்டன. வாணிபம் அதனால் அழிந்துவிடவில்லை. பொதுப் பார்வை பொதுச் சொத்து என்று ஒரு சமுதாயம் தீர்மானிக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

எனினும், அழகு கெடுகின்றது என்பதோடு நமது விசாரணை நின்றுவிடலாகாது. அடிப்படையான கேள்வி வேறொன்று: மனிதரை எண்ணுவது எப்போது நியாயமாகும்?

ஆசிரியராகிய நாம் நாள்தோறும் மனிதரை எண்ணுகின்றோம். காலையில் வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுகின்றோம். அந்த இடாப்பில் நம்மை அதிகம் உறுத்துவது வந்தவரின் குறி அன்று, வராதவரின் குறியே. ஏன் வரவில்லை? காய்ச்சலா? தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்களா? சப்பாத்து இல்லையா? கணக்கு நம்மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றது. இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. எண்ணுபவனுக்கு எண்ணப்படுபவன்பால் ஒரு கடமை பிறக்குமாயின் அந்த எண் அறத்தோடு கூடியது; எண்ணுபவன் மூன்றாமவனுக்கு விற்பதற்காக மட்டும் எண்ணுவானாயின் அது சரக்குக் கணக்கு. விளம்பரப் பலகையின் கணக்கில் வராதவனைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. வந்தவனுக்கும் எவரும் எதுவும் கடன்பட்டவர் அல்லர்.

அதுமட்டுமோ? எல்லாக் கண்களும் அங்கே ஒரே விலை பெறுவதில்லை. வாங்கும் சக்தியுள்ளவனின் கண்ணையே விளம்பரக்காரன் தேடுகின்றான். கொழும்பிலிருந்து காரில் வருபவரின் ஒரு பார்வை, கொழுந்துப் பையோடு பாதையைக் கடக்கும் பெண்ணின் நாற்பது பார்வையைவிட மதிப்புப் பெறும். ஆயினும் விளம்பரச் செலவு எங்கிருந்து வருகின்றது? சவர்க்காரத்தின் விலையில் அது அடங்கியிருக்கின்றது. தோட்டத்துக் கடையிற் சிறிய பைக்கற்று வாங்கும் அந்தப் பெண்ணும் அதைச் செலுத்துகின்றாள். பார்வையைக் கொடுத்தவளே அதற்குரிய கூலியையும் கொடுக்கின்றாள்!

இந்த விந்தை மலையக மக்களுக்குப் புதியதன்று. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று தமிழகக் கிராமங்களிற் சொல்லப்பட்டதாக நம் முன்னோர் வழிவழியாகக் கூறுவர். அதுவே நம் மக்களை முதன்முதல் எட்டிய விளம்பரம். பலகை இல்லை, கங்காணியின் நாக்கே பலகை. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அமைந்தபின் அந்த அழைப்பு முறைப்படுத்தப்பட்டது. ஆளைச் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? ஆசை காட்டப்பட்டவனின் கணக்கிலேயே எழுதப்பட்டது. அது அவன் கடனாயிற்று. ‘துண்டு’ என்னும் கடன்சீட்டாகித் தோட்டத்துக்குத் தோட்டம் அவனோடு கைமாறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

தோட்டத்துக்குள் வந்தபின் அவன் மற்றொரு கணக்கில் அடங்கினான். செக்ரோலில் ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்றே பெயர். குறித்த நிறை கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். நிறை 16 கிலோ, 18 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். காலை முதல் மாலை வரை அட்டைக்கடியிலும் மழையிலும் முழு மனுஷியாக நின்றவள், தராசு முள் சற்றுக் குறைந்ததும் அரைப்பேராகி வீடு திரும்புகின்றாள். ஆயிரம் என்னும் எண்ணுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுகள் வீதிகளில் ஒலித்து, 2021 மார்ச்சிலேயே வர்த்தமானியில் ஏறியது. அரைப்பேர்க் கணக்கு கொடுமையானதே. எனினும், செக்ரோல் சம்பளம் என்னும் ஒரு கடமையையாவது துரைமீது சுமத்துகின்றது. அக்கடமையைப் பற்றிக்கொண்டு தொழிலாளி வழக்காடவும் வேலைநிறுத்தம் செய்யவும் முடிகின்றது. பலகையின் கணக்கு அந்தப் பிடியையும் தருவதில்லை.

இன்னும் ஒன்று. பலகையைப் பார்ப்பவளாக மட்டும் அவள் இல்லை. பலகைக்குள்ளேயும் அவளே இருக்கின்றாள். 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்னும் பொருள்பட உலகெங்கும் விளம்பரம் செய்தார். 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசுச் சந்தைச் சபை, தனக்கெனச் சுவர்ப்பலகைகள் அமைத்துச் சாம்ராச்சியப் பொருள்களின் ஓவியங்களை ஊர்தோறும் ஒட்டியது. தேயிலையும் அவற்றில் இடம்பெற்றது. இன்றும் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுக் கடைவீதி வரை, கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்துப் பெண்ணின் உருவம் இலங்கைத் தேயிலைக்கு முத்திரையாய் நிற்கின்றது. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில், லபுக்கலைத் தோட்டத்து மலைச்சரிவிலே, ஹொலிவூட் குன்றின் எழுத்துகளைப் போல, மாக்வுட்ஸ் என்னும் நிறுவனப் பெயர் பெரிய வெள்ளை எழுத்துகளில் நின்றதைப் பயணிகள் அறிவர். பின்னாளிற் கைமாறி, தோட்டமும் தேயிலை நிலையமும் தம்ரோ என்னும் பெயர் பெற்றன. அங்கே மலையே பலகை. பச்சை விரிப்பில் அசையும் தொழிலாளிகள் அதன் சித்திர வேலைப்பாடு. அந்தக் காட்சியை எத்தனை ஆயிரம் பேர் கண்டனர் என்பதற்கு மதிப்பீடு போடலாம். காட்சியைத் தம் உடலால் ஆக்கித் தருவோர்க்கு அந்த மதிப்பீட்டில் ஒரு சதமேனும் உண்டோ?

எண்ணிக்கையில் உண்டு, பங்கில் இல்லை என்னும் இந்நிலை, வாணிபத்தில் மட்டுமன்றி அரசியலிலும் நம் மக்களைத் தொடர்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களின் வாக்குரிமையைப் பறித்தன. ஆனால் தொகுதிகளுக்கு அடிப்படையான மக்கள்தொகையில் அவர்கள் நீக்கப்படவில்லை! ஆசனங்களின் தொகைக்கு அவர்களுடைய தலைகள் வேண்டியிருந்தன. ஆசனத்தில் அமர்பவரைத் தெரிவதற்கு அவர்களுடைய கைகள் வேண்டியிருக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேர் பங்கிடப்பட்டனர்: இந்தியாவுக்கு 525,000; இலங்கைக்கு 300,000. மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தப் பத்து லட்சத்தை நெருங்கிய மக்களில் எவரிடமும் முன்கூட்டி விருப்பம் கேட்கப்படவில்லை. கடமையற்ற எண்ணிக்கையின் இறுதி உருவம் இதுவே.

இதன் மறுபக்கத்தையும் காண்பது அவசியம். கடமை இருந்தும் கணக்கு இல்லாத இடங்கள் உண்டு. பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 அன்று காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது, மக்களை இடம்பெயர்க்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, தாள் இருந்தது, அது எத்தனை லயக் காம்பராக்களை எட்டியது, எத்தனை முறை எட்டியது, புரியும் மொழியில் எட்டியதா, எட்டியபின் போவதற்கு ஓரிடம் காட்டப்பட்டதா என்று அளப்பதற்கு எவரும் முன்வரவில்லை. ஒரு சவர்க்காரக் கட்டியின் செய்தி எத்தனை கண்களை எட்டிற்று என்பதைச் சதக் கணக்கில் அறியும் ஆற்றல் பெற்ற சமுதாயம், உயிர் காக்கும் செய்தி எட்டிற்றா என்பதை அறியாதிருந்தது. இதை அறிவின் குறை என்று சொல்ல முடியாது. அறிவு எந்தத் திசையில் ஏவப்பட்டது என்பதே வினா.

பலகைகளால் உள்ளூராட்சி சபைகளுக்கு வருமானம் கிடைக்கின்றது, அது மக்களுக்கே பயன்படும் என்று ஒரு வாதம் உண்டு. பொதுவாக இது உண்மையே. ஆனால் மலையகத்தில் இவ்வாதம் நீண்ட காலம் முடமாகவே நின்றது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. வீதியோரம் நிற்கும் பலகைக்குச் சபை கட்டணம் பெறலாம். பலகையின் பின்னால் லயத்துக்கு ஏறும் குண்டும் குழியுமான பாதையில் ஒரு கல் இடுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்குத் தயக்கம்! கண் விற்ற காசு கண்ணுக்குரியவனின் வாசலுக்கு வரவில்லை.

அப்படியாயின் ‘எட்டுதல்’ என்பதன் உண்மைப் பொருள் யாது? மலையக வரலாறே ஒரு விடை தருகின்றது. அந்நியர் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்ட காலத்தில், புடைவை வியாபாரி வேடத்தில் உள்ளே சென்று தொழிலாளரைச் சந்தித்தவர் கோ. நடேசய்யர். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அவர் நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, மக்களுக்குப் பழகிய மெட்டுகளிற் பாடல்களைக் கட்டிக் கூட்டங்களிற் பாடினார். சிறு நூலாகவும் அவற்றை வெளியிட்டார். ஆயிரம் பேருக்கு எவ்வளவு செலவு என்று அவர்கள் கணக்கிட்டிருந்தால், கையச்சுச் செலவும் கால்நடையும் கட்டுப்படியாகாத வியாபாரமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அவர்கள் எட்டியவர்கள் திரும்பிப் பேசினார்கள், சந்தா கொடுத்தார்கள், சங்கமானார்கள். பலகை எட்டும் இடத்தில் மனிதன் பார்ப்பவனாகவே நின்றுவிடுகின்றான். மனிதன் மனிதனை எட்டும் இடத்திற் கேட்டவன் பேசத் தொடங்குகின்றான்.

ஆகவே, எண்ணைப் பழிப்பதால் நமக்கு விடிவில்லை. எண்ணும் கலையை வாணிபத்தின் தனிச்சொத்தாக விட்டுவிடாமல், அதை மக்களின் பக்கம் திருப்புவதே செய்யத்தக்கது. வண்டிகளையும் கடப்போரையும் எண்ணுவதற்கு நம் உயர்வகுப்பு மாணாக்கர்க்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலுமே போதும். தம் தோட்டத்தில் மண்சரிவு அபாய அறிவித்தல் எத்தனை காம்பராக்களுக்குத் தெரியும், அது தமிழில் எழுதப்பட்டுள்ளதா, பாதையோரப் பலகைகளில் எத்தனை தனியாருடையவை, எத்தனை பொது அறிவித்தல்கள், பலகைகளுக்குப் பிரதேச சபை எவ்வளவு கட்டணம் பெற்று அதில் எவ்வளவைத் தோட்டங்களுக்குச் செலவிட்டது என்று அவர்கள் எண்ணட்டும். பெற்ற எண்களை எழுதிச் சபையின் மேசையில் வைக்கட்டும். எண்ணப்பட்டே வந்த மக்களின் பிள்ளைகள் எண்ணுபவராக மாறுவது சிறு காரியமன்று.

தமிழில் எண்ணுதல் என்னும் சொல் தொகை காண்பதையும் குறிக்கும், சிந்திப்பதையும் குறிக்கும். மதிப்பு என்பது விலையையும் உணர்த்தும், மரியாதையையும் உணர்த்தும். நம் மொழி ஒன்றாக வைத்திருந்த இவற்றை வாணிபம் பிரித்துவிட்டது: சிந்திக்காமல் தொகை காண்கின்றது, மதிக்காமல் விலை வைக்கின்றது. பார்வைக்கு 50 சதம் என்று எழுதுகிற கை, அந்தப் பார்வைக்குரியவள் மாலையில் அரைப்பேரோடு எந்தப் பாதையால் வீடு திரும்புகின்றாள் என்பதையும் எழுதக் கடமைப்பட்டது. அந்தக் கடமையை வாணிபம் தானே ஏற்கும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. சபையிலும் சங்கத்திலும் பாடசாலையிலும் அதைக் கேட்டுப் பெறுவது நம்முடைய வேலை.